அடி இல்லாத குவளை

மாப்ள,

இன்று காலை நம் வீதிக்குப் போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று வந்தது. எதிர்ப்பக்கத்துக் காலி மனையில் யாரோ வீடு கட்டப் போகிறார்கள். வண்டியை நிறுத்தி ஜாக்கி இறக்கியதுமே செல்வி ஜன்னல்களையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய ஸ்கூட்டி முக்குத் திரும்பியதும் நான் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தது சூடான கல்தூசியின் வாசனை. பிறருக்குத் தலைவலி தரும் வாசனைதான். இருபத்திரண்டு வருடம் அதற்குள்ளேயே சோறு தின்ற மூக்குக்கு அது வேறு மாதிரி. பத்து மணிவாக்கில் வாசனை மாறியது. தூசி நனைந்துவிட்டது.

தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே உனக்கு அது மூக்கில் தெரிந்துவிடும். லீவரில் வைத்த கையை எடுக்காமல், கண்ணை மூடி, முகத்தைச் சற்றுத் தூக்குவாய். சுற்றி நிற்பவர்கள் நீ சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் கேபினிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைப்பேன். இன்றைக்கும் கை தானாகப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. பால் பொங்கி வரும்போதுதான் பார்த்தேன், ஒரு வண்டி ஆட்களுக்கு ஆகிற அளவுக்கு டீ வைத்திருக்கிறேன். என்ன செய்வது, தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டுபோய் அந்த ஆட்களுக்கே கொடுத்தேன். எல்லாரும் ஜார்க்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். லீவர் பிடித்திருந்தவன் டீயை வாங்கிக்கொண்டு, மற்ற கையில் சுட்டு விரலை உயர்த்தித் தன் ஆளுக்குக் காட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குள் வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ரிக் ஓடும்போது பேச்சு கிடையாது. அந்தச் சத்தத்தில் வாய் எதற்கும் பயன்படாது, எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் காட்டினால் மெதுவாக. முஷ்டியை மூடினால் நிறுத்து. சுட்டு விரலை உயர்த்தினால் இன்னும் ஒரு ராடு, அதாவது இன்னும் இருபது அடிக் குழாயை மாட்டி இறக்கு. நீ வீட்டிலும் அப்படித்தான் இருந்தாய். சரசு தோசைக்கல் முன்னால் நிற்பாள், நீ வாயைத் திறக்காமல் விரலை மட்டும் தூக்குவாய். எம்பட ஊட்ல தோசைக்கும் ராடுதானுங்கண்ணா என்று அவள் என்னிடம் முறையிடுவாள். முறையிட்டுக்கொண்டே அடுத்ததை வார்ப்பாள்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மஞ்சள் காட்டில் நாம் போர் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? அறுநூறு அடி வரைக்கும் வெறும் புகை. காட்டுக்காரர் முஷ்டியை மூடிக் காட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நீ என்னைப் பார்த்து விரலை உயர்த்தினாய். அவர் திரும்பவே இல்லை. கடைசியில் சேறும் தண்ணீருமாக அவர் முதுகிலேயே போய் விழுந்த பிறகுதான் திரும்பினார். வண்டி ஏறும்போது நீ என்னிடம் சொன்னாய்: "இல்லீன்னு நாமளாச் சொல்லப்படாது மாப்ள. இன்னும் ஒரு ராடு பாத்துப்போட்டுச் சொல்லலாம்." பல காடுகளில் அந்த இன்னொரு ராடுக்குப் பிறகும் தூசிதான் வந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனாலும் நீ விரலைத் தூக்காமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்புறம் அந்தச் சூரியகாந்திக் காடு. கர்நாடகத்தில் ஏதோ ஒரு ஊரைத் தாண்டி, காலை ஏழு மணி வெளிச்சத்தில் நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே எங்கே பார்த்தாலும் மஞ்சள். உன் முகம் மிக அருகில் இருந்தது. உன் துண்டை என் பற்களுக்கு நடுவில் வைத்திருந்தாய். "ஒண்ணுமில்ல மாப்ள, பூவுக்குள்ள நிக்கறோம்" என்றாய். செத்துப்போய்விட்டேன் என்றும், செத்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது என்றும் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வலிப்பு வந்ததையும், நீ பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியைக் காட்டுக்குள் இறக்கி நிறுத்தியதையும் பின்னால்தான் சொன்னார்கள். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். லாரி மட்டுமல்ல, மொபெட் கூடக் கூடாது. ஐம்பத்தோரு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை கையை விட்டுப் போனது. அதுகூடப் பெரிதில்லை. வண்டியின் பின்பக்கம் நம் ஆட்கள் ஆறு பேர் படுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் காட்டுக்குப் பதில் ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. நடக்காத ஒன்றைத் தினமும் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. செல்வி காலையில் துண்டு கம்பெனிக்கு மடிப்பு வேலைக்குப் போவாள். நான் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், அவள் திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் இருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவேண்டும். மலைப்பாதையில் ரிக் ஏற்றினவன் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிப் போவதை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வேன். போகப் போக வீட்டிலேயும் அந்த ஹெல்மெட்டுக்குள் இருக்கிற மாதிரியே ஆகிவிட்டது. யார் பேசினாலும் தூரத்தில் கேட்கும். அந்த ஏழு மாதமும் நான் சிரிக்கவே இல்லை. ஒரு நாள் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு, நான் இருந்து என்ன ஆகப் போகிறது என்று செல்வியிடம் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னேன். அவள் உள்ளே போய் உனக்கு போன் செய்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் நீ வந்து நின்றாய். என் பக்கத்தில் உட்காரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, எனக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. "எந்திரி மாப்ள. ஒரு எடத்துக்குப் போலாம்." மழைக்காலம், வண்டி நிற்கிறது, சும்மாதான் இருக்கிறேன் என்றாய். நான் நம்பினேன். உன் மோட்டார் சைக்கிள் மலைக்கோயில் பக்கம் திரும்பும் என்று பார்த்தால் வேலூர் ரோட்டில் போனது. ஒரு தோட்டத்து வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை, வாசலில் காய்கிற மண் சட்டிகள். அங்கே ஒரு பெண் வாரம் இரண்டு நாள் களிமண் வகுப்பு எடுக்கிறாள் என்றும், நாம் இரண்டு பேரும் சேரப் போகிறோம் என்றும் அங்கே போன பிறகுதான் சொன்னாய்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போர் போட்டது நீதான். எல்லா வீட்டிலும் போர் போட்டு முடிந்ததும் சேற்றைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தெறித்ததைக் காட்டுவார். இவள் மட்டும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து, அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாளாம். களிமண்ணோடு கல்தூள் கொஞ்சம் சேர்த்தால் காயும்போது வெடிக்காது என்றாளாம். அத்தனை வருடத்தில் நம் சேற்றைக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் அவள்தான் என்று உனக்கு அவள்மேல் மரியாதை. நம்மைவிட இருபது வயது சின்னவளை நீ முதல் நாளிலிருந்தே டீச்சருங்க என்றுதான் கூப்பிட்டாய்.

அங்கே நாலைந்து பெண்கள் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிய இரண்டு தடியர்களைப் பார்த்ததும் எல்லாரும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்கள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. டீச்சர் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, சக்கரத்துக்குக் கீழே இருந்த ஒன்றைக் காட்டி, வலது காலை அதன்மேல் வையுங்கள் என்றாள். அது ஒரு பெடல். கரண்டில் ஓடும் சக்கரம், காலை அழுத்தினால் வேகம் கூடும், எடுத்தால் குறையும்.

மாப்ள, அந்த நிமிடத்தைப் பற்றி உன்னிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு என் காலுக்குக் கீழே ஒரு ஆக்சிலேட்டர் இருந்தது. கொஞ்சமாக அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. மெதுவாகத் தூக்கினேன், அடங்கியது. யாரையும் இடிக்காமல், எங்கும் கவிழாமல், ஒரே இடத்தில் நின்று சுற்றியது. மண் எல்லாம் அப்புறம்தான், நான் கால்மணி நேரம் வெறும் சக்கரத்தையே ஓட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. அண்ணனுக்குக் கால் நெம்ப நிதானமுங்க என்று மட்டும் சொன்னாள். தலையைக் குனிந்து மண் உருண்டையைப் பிசைகிற மாதிரி பாவனை செய்தேன், கண்ணில் தண்ணீர்.

நீ பக்கத்துச் சக்கரத்தில் இருந்தாய். மண்ணை நடுவில் நிறுத்தி, இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் அழுத்திக் குழி செய்ய வேண்டும், அடியில் அரை அங்குலம் விட்டுவிட்டு நிறுத்த வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தாள். உன் விரல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. டீச்சர் போதுமுங்கண்ணா என்றாள், உனக்குக் காதும் பாதிதான் கேட்கும். விரல் போய்ச் சக்கரத்தின் இரும்புத் தட்டைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாய். சுவரை அழகாக மேலே இழுத்தாய். கம்பியை ஓட்டி அறுத்து, பெருமையாகக் கையில் தூக்கினாய். குவளைக்கு அடியே இல்லை. வெறும் வளையம். நீ அதைத் திருப்பிப் பார்த்தாய், முகத்துக்கு நேராக வைத்தாய், அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "தண்ணி வரலியே மாப்ள" என்றாய்.

நான் சிரித்துவிட்டேன். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை, இருமல் வந்து, முக்காலியிலிருந்து எழுந்து வெளியே போய்ச் சிரித்தேன். அந்தப் பெண்களும் துப்பட்டாவை மறந்து சிரித்தார்கள். திரும்பி வந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் சிரிப்பு இல்லை. தூசி நனையும்போது முகத்தைத் தூக்குவாயே, அந்தப் பார்வை. அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்கு நாம் அங்கே இருப்போம். உன் குவளைகளில் ஒன்றுக்குக்கூட அடி நிற்கவில்லை. டிரில்லர் கை, ஓட்டை போடாமல் விடாது என்று எல்லாரும் சொன்னார்கள். என் கதை நேர்மாறு. விரல் கொஞ்சம் இறங்கியதுமே எனக்குள் பிரேக் விழுந்துவிடும். இன்னும் இறங்கினால் என்னவோ ஆகிவிடும் என்று பயம். அதனால் என் குவளைக்கு அடிதான் முக்கால் பங்கு, ஒரு மடக்குத் தண்ணீர்தான் பிடிக்கும். உம்பட குவளைய எறிஞ்சா ஆளு காலி மாப்ள என்று நீ கிண்டல் செய்வாய். உம்படதுல டீ ஊத்துனா கால் வெந்துரும் என்று நான் சொல்வேன். ஒருநாள் டீச்சரே, இரண்டு பேரையும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு நல்ல குவளை வரும் என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். ரிக்கில் செய்வதைப் போலவே செய்வோம், நீ இறக்கு, அடி அரை அங்குலம் இருக்கும்போது நான் முஷ்டியை மூடிக் காட்டுகிறேன். நீயும் தலையாட்டினாய். உன் விரலின் கணுவைப் பார்த்து, சரியான நேரத்தில் முஷ்டியைக் காட்டுவேன். நீ மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாய். விரல் தட்டைத் தொடும். "ஐயோ, பாக்கலியே" என்பாய். எத்தனை முறை. இருபத்திரண்டு வருடத்தில் என் ஒரு சைகையைக்கூடத் தவறவிடாதவன், புகைக்கு நடுவிலும் ஓரக்கண்ணால் என் கையைப் பிடிப்பவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் அப்போது வேறெங்கோ இருந்தேன். அந்தக் கொட்டகையின் காலைகளை இப்போது நினைத்தால், நடந்ததா, கனவா என்று சந்தேகமாக இருக்கிறது. தகரத்தின்மேல் வேப்பம்பூ உதிரும் மெல்லிய சத்தம். ஜன்னலில் பாதிக்குத் திருச்செங்கோட்டு மலை, மழை பெய்து விட்ட சிவப்பில். சக்கரத்தின் ஒரே சீரான முனகல். மண் நடுவில் நிலைத்துவிட்டால், அது சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. கைக்குள் ஈரமாக ஏதோ மூச்சு விடுவது போல இருக்கும். காலின் கீழே பெடல், முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிற ஈரமான விளிம்பு. நான் அந்த விளிம்பின்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போவேன். எதிரில் வண்டி கிடையாது, இறக்கம் கிடையாது, விடியற்காலையின் வெளிச்சம் மட்டும். ஒருநாள் நீ மெதுவாக, "எங்க மாப்ள போயிட்டிருக்க?" என்று கேட்டாய். ஹொஸ்பேட் தாண்டிவிட்டேன் என்றேன். அப்ப டீக்கு நிறுத்து என்றாய். நான் காலைத் தூக்கினேன். இரண்டு பேரும் நிஜமாகவே எழுந்துபோய் டீ குடித்தோம்.

தை மாதம் என் விரல் முதல்முறை பயப்படாமல் இறங்கியது. அடி சரியாக அமைந்த முதல் குவளை. கொஞ்சம் கோணல்தான், காது மாதிரி ஒரு பிடி. சூளையிலிருந்து எடுத்ததும் செல்விக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் வந்து, அங்கே எல்லாரும் கேட்டாங்க, எங்க ஊட்டுக்காரர் செஞ்சதுன்னு சொன்னேன் என்றாள். திருமணமான இந்த இருபத்தாறு வருடத்தில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகுதான் கவனித்தேன், ஹெல்மெட்டின் கண்ணாடியைப் போகும்போதும் வரும்போதும் நான் இறக்கவே இல்லை.

உன் இருமலை நான் கவனித்தேன். கவனித்தேன் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, கேட்டேன், அவ்வளவுதான். நீ எப்போதும் ஜன்னலோரத்துச் சக்கரத்தையே கேட்டு வாங்கினாய். காய்ந்த மண்ணைக் கூட்டும்போது வெளியே போய் நின்றாய். கொட்டகையின் மூன்று படி ஏறிவிட்டு, மலையைப் பார்ப்பது போல நின்று மூச்சு வாங்கினாய். சித்திரையில் உன்னை ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் சரசு சொன்னாள். நெஞ்சு முழுக்கக் கல்தூசி படிந்திருக்கிறது, என்னைக் களிமண் வகுப்புக்குக் கூட்டிப் போவதற்கு நாலு மாதம் முன்னாலேயே உனக்குத் தெரியுமாம். மழைக்காலம், வண்டி நிற்கிறது என்று நீ சொன்னது பொய். வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது, நீதான் நின்றுவிட்டாய்.

கடைசியாக உன்னைப் பார்த்த நாளில் மூக்கையும் வாயையும் சேர்த்து ஆக்சிஜன் மாஸ்க்கால் மூடியிருந்தார்கள். பேச முடியவில்லை. நமக்கென்ன, பேசாமல் பேசிப் பழகியவர்கள். நான் கட்டிலோரம் நின்றேன். நீ என் கையைப் பிடித்து, என் கட்டைவிரலின் நகத்தடியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாய். அப்புறம் சுட்டு விரலை மெதுவாக உயர்த்தினாய். உனக்காகக் கேட்டாயா, எனக்குச் சொன்னாயா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அன்று மாலை நீ போய்விட்டாய்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. குழாயடி நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன். செல்விதான் ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு குவளையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். மெல்லிய சுவர், அளவான வாய். திருப்பிப் பார்த்தேன். தட்டையான, சீரான அடி. யாருடையது என்று கேட்டேன்.

"அண்ணன் செஞ்சதுங்க. மாசியில நீங்க சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு."

நான் நம்பவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். உள்சுவரில், சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு மெல்லிய கோடு. எந்த ஊரிலோ ராடு விழுந்து பிளந்த உன் கட்டைவிரல் நகத்தின் கோடு. அதற்கு மேல் நம்பாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது வகுப்பிலேயே உனக்கு அடி நிற்க ஆரம்பித்துவிட்டதாம். நான் வராத நாட்களில் நீ செய்தது எல்லாமே சரியாக வந்ததாம். எதற்காக அந்த அண்ணன் இருக்கும்போது மட்டும் ஓட்டை போடுகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். நீ சொன்னதை அவள் உன் குரலிலேயே சொன்னாள்: "ஏழு மாசத்துக்குப் பொறவு அன்னிக்குத்தான் அவன் சிரிச்சான், டீச்சரு. நான் அடி வெச்சுப்போட்டா அவன் எதப் பாத்துச் சிரிப்பான்?"

எனக்கு உன்மேல் பயங்கரக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. எண்ணி எண்ணி விடவேண்டிய மூச்சை வைத்துக்கொண்டு, நல்ல குவளையாக வரவேண்டியதை ஒவ்வொன்றாக ஓட்டையாக்கி, நான் காட்டிய முஷ்டியைப் பார்த்தும் பார்க்காதவன் போல நடித்து, என்னை இத்தனை மாதம் முட்டாளாக்கியிருக்கிறாய். ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தால், உன் மூச்சைப் பற்றி நானும் எதாவது செய்திருப்பேன். என்ன செய்திருப்பேன் என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்தாவது இருந்திருப்பேன். அப்புறம் யோசித்தேன், பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன், செவ்வாயும் சனியும், இரண்டடி தள்ளி. அழுது முடித்துவிட்டு அந்தக் குவளையில் டீச்சர் கொடுத்த டீயைக் குடித்தேன். ஒழுகவே இல்லை.

இப்போது வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மண்ணை நடுவில் நிறுத்திக் கொடுக்கிற வேலை என்னுடையது. கால் நிதானம் என்பதால் டீச்சர் கொடுத்தாள். மாத்திரை தொடர்கிறது. நடுவில் ஒருமுறை வலிப்பும் வந்தது, குழாயடியில். பள்ளிக்கூட பஸ் சில நாள் இன்னமும் கண்முன்னால் வந்து நிற்கிறது. அப்போதெல்லாம் உன் குவளைக்குள் கட்டைவிரலை விட்டு அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் பஸ் போய்விடும்.

சொல்ல வந்தது இதுதான். சரசு சரியில்லை, மாப்ள. நீ போனதிலிருந்து அவள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். செல்வி பேசினால் உம் என்கிறாள். தோசைக்கல்லை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். போன வாரம் நான் பார்க்கப் போனபோது அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் நாற்காலி. நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எந்திரி சாமி, ஒரு எடத்துக்குப் போலாம் என்றேன். டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

சக்கரத்தின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் மண்ணை நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். அவள் கை வைத்ததும் அது ஆடிக் கோணிச் சரிந்தது. இன்னொன்று வைத்தேன், அதுவும் சரிந்தது. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் வராதுங்கண்ணா. நான் எதுக்கும் ஆவாதவ. அவிய மூச்சுத் திணறுனதுகூட எனக்குத் தெரியாமத் தூங்கிப்போட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் ஒரு பள்ளிக்கூட பஸ் இருக்கிறது என்று. பக்கத்துச் சக்கரத்தில் போய் உட்கார்ந்து ஒரு உருண்டையை வைத்தேன். காலை அழுத்தினேன். கட்டைவிரலை இறக்கினேன். அரை அங்குலம் இருக்கும்போது எனக்குத் தெரிந்தது. பின்னால் நடந்துகொண்டிருந்த டீச்சர் நின்றதும் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரேக் போடாமல் கீழே போனேன். விரல் தட்டைத் தொட்டது, ஜில்லென்று இருந்தது. சுவரை இழுத்து, அறுத்து, வளையத்தைக் கையில் தூக்கினேன். முகத்துக்கு நேராக வைத்து ஒரு கண்ணால் சரசுவைப் பார்த்தேன்.

"தண்ணி வரலியே சாமி."

அவள் அந்த ஓட்டையை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். மண் அப்பிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள், மூக்கிலெல்லாம் மண், கண்ணில் தண்ணீர் வேறு, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. நான் முகத்தைத் துடைக்கத் துண்டைக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது, போதும், கிளம்பலாமா என்று கேட்டேன்.

சரசு வாயைத் திறக்கவில்லை. சரிந்து கிடந்த மண்ணைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, சேறு வடிகிற சுட்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.